படுக்கைப்புண்ணுக்கு எந்த ஆயின்ட்மென்ட் போடுவது?

அடுத்த கேள்வி ஒரு சகோதரி அனுப்பியது. மாமியாருக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதமாகப் படுக்கையில் இருக்கிறாராம். இடுப்புக்குக் கீழே, பின்பக்க எலும்பு மேல் புண். தினமும் பெட்டாடின் ஊற்றிக் கட்டுகிறார்கள். நடுவில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது, வாடையும் வருகிறது. குதிகாலிலும் காய்ந்த கறுப்பு வட்டம் ஒன்று. "எந்த ஆயின்ட்மென்ட் போட்டால் சீக்கிரம் ஆறும்?" என்று கேட்கிறார்.

ஆயின்ட்மென்ட் பெயர் சொல்லவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. ஆழம் தெரியாமல் மருந்து சொல்ல முடியாது.

தோல் கிழியாமல் சிவந்திருக்கிறது, விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்கவில்லை என்றால் அது முதல் நிலை. நம் மாநிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது. அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இதற்கு மருந்தே வேண்டாம், அழுத்தத்தை எடுத்தால் போதும். எண்ணெய் போட்டுத் தேய்க்கவே கூடாது. மேல்தோல் உரிந்தோ கொப்புளமாகவோ இருந்தால் இரண்டாம் நிலை. சலைனில் கழுவி, ஈரம் காக்கும் டிரஸ்ஸிங் போட்டால் பெரும்பாலும் வீட்டிலேயே ஆறும். கொழுப்பு தெரிந்தால் மூன்று. தசை, எலும்பு வரை போனால் நான்கு. இவை இரண்டும் மருத்துவர் கையில் இருக்க வேண்டியவை. எலும்பில் கிருமி ஏறியிருக்கிறதா என்றுகூடப் பார்க்க வேண்டியிருக்கும். ஆற மாதக்கணக்கில் ஆகலாம். சிலருக்குப் பக்கத்துச் சதையைத் திருப்பி மூடும் ஆபரேஷன் தேவைப்படும்.

உங்கள் மாமியாருக்கு இருப்பதை இப்போது எந்த நிலை என்றே சொல்ல முடியாது. அந்தக் கறுப்பு, செத்த திசு. கிணற்று மேல் பலகை போட்டு மூடிய மாதிரி, அதை எடுத்தால்தான் அடியில் எவ்வளவு பள்ளம் என்று தெரியும். வாடை வேறு வருகிறது, அதனால் தள்ளிப்போடாமல் ஒரு சர்ஜனிடம் காட்டுங்கள். காய்ச்சல், சீழ், சுற்றிலும் சிவப்பு பரவுவது, வழக்கத்துக்கு மாறான மயக்கம் இருந்தால் இன்றைக்கே போங்கள். ஆனால் குதிகாலில் இருப்பது காய்ந்து, இறுக்கமாக, வீக்கம் இல்லாமல் இருந்தால் அதைச் சுரண்டாதீர்கள். அங்கே அந்த மூடியே பாதுகாப்பு. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையைத் தொடாமல் தொங்கும்படி விடுங்கள்.

பெட்டாடின் கெட்டது என்று சொல்லவில்லை. சுத்தமாகச் சிவந்து வளரும் சதை மேல் தினமும் ஊற்றினால் புதிதாக வரும் செல்களையும் அது பாதிக்கும். நுரை வரும் பெராக்சைடும் அப்படித்தான்.

ஏர் பெட் வாங்கியிருக்கிறோம் என்கிறீர்கள், நல்லது. அந்த ஏர் பெட்டுக்கு அடியில், இடுப்புக்கு நேராக, உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை விட்டுப் பாருங்கள். எலும்பு உங்கள் கையில் இடித்தால் காற்று போதவில்லை, அந்த மெத்தை இருந்தும் இல்லாத மாதிரிதான். ஏர் பெட் இருக்கிறதே என்று திருப்பிப் படுக்க வைப்பதை நிறுத்திவிடவும் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, முழுதாகப் பக்கவாட்டில் இல்லாமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வாக. நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையம் வேண்டாம். அதன் விளிம்பு சுற்றிலும் ரத்த ஓட்டத்தை நெரிக்கும்.

அப்புறம் சாப்பாடு. எல்லா வீட்டிலும் கஞ்சிதான் கொடுக்கிறார்கள். 50 கிலோ எடை உள்ளவருக்குப் புண் ஆற ஒரு நாளைக்கு ஏறக்குறைய 62 முதல் 75 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் இருப்பதே 6 கிராம்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கூட்டுங்கள். விழுங்கச் சிரமம் இருக்கிறதா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

கறுப்பை எடுத்த பிறகு வாரம் ஒரு முறை புண்ணின் நீளம், அகலம், ஆழத்தை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இரண்டு வாரம் ஆகியும் அளவு இறங்கவில்லை என்றால் அந்த நோட்டோடு திரும்பப் போய்க் காட்டுங்கள்.