பச்சை மணலில் பூட்டிக் கிடக்கும் சாம்பல் சத்து

(காட்சி: உள்ளங்கையில் கரும்பச்சை மணல்)

பாசி படிந்த மாதிரி இருக்கிறதே, இது கிளாக்கோனைட். ஆழம் குறைந்த கடலடியில், வண்டல் மிக மெதுவாகப் படியும் இடங்களில் உருவான தாது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூஜெர்சி விவசாயிகள் இதைத் தோண்டி வண்டி வண்டியாக வயலில் கொட்டினார்கள். குஜராத்தின் கட்ச்சில் உண்டு. நம் பெரம்பலூர் பக்கத்துக் காரை என்ற ஊரின் களிப்பாறையிலும் உண்டு.

இதில் இருப்பது சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ் என்று சொல்லும் பொட்டாசியம் உரச்சத்து. கடைப் பொட்டாஷ் மூட்டையில் அந்தச் சத்து 60 சதவீதம். இந்தியா அதைக் கிட்டத்தட்ட முழுவதும் இறக்குமதி செய்கிறது. இந்தப் பச்சை மணல் மணியில், சுத்தமாக இருந்தாலே, பெரும்பாலும் 5 முதல் 8 சதவீதம்தான்.

(காட்சி: காந்த உருளையில் மணல் விழுகிறது)

முதல் வேலை, பிரிப்பது. களிமண்ணைக் கழுவி, சலித்து, உலர்த்தி, வலுவான காந்தத்தைக் கடக்க விடுவார்கள். கிளாக்கோனைட்டில் இரும்பு இருப்பதால் பச்சை மணி காந்தத்தின் பக்கம் சாயும். வெள்ளை மணல் நேரே விழும். வீட்டுக் காந்தத்தை வைத்து முயலாதீர்கள், அசையக்கூட அசையாது.

சரி, எவ்வளவு பிரித்தாலும் அந்த 8 சதவீதத்தைப் பெரிதாகத் தாண்ட முடியாது. மீதியெல்லாம் சிலிக்கா, இரும்பு, அலுமினியம். அதை விடப் பெரிய சிக்கல், இருக்கிற பொட்டாசியமும் லேசில் வெளியே வராது. புத்தகத் தாள்களுக்கு நடுவே வைத்த மயிலிறகு மாதிரி, தாதுவின் அடுக்குகளுக்கு இடையில் சிக்கியிருக்கிறது.

கால்சியம் குளோரைடு கலந்து அதிக வெப்பத்தில் வறுத்தால் பூட்டு திறக்கும். ஆனால் கிடைப்பது பொட்டாசியம் குளோரைடு. அதாவது, கடை மூட்டையில் இருக்கும் அதே உப்பு! சுற்றி வந்து அங்கேயே நிற்கிறோம். இயற்கை வேளாண்மைச் சான்றிதழ் விதிகளும், அரைப்பதையும் சலிப்பதையும் பொதுவாக ஏற்கும். ரசாயனம் சேர்த்துக் கரைதிறனைக் கூட்டினால் ஏற்காது.

(காட்சி: மாவாக அரைத்த பச்சைத் தூள், பக்கத்தில் தொழு உரம்)

எனக்கு நியாயமாகப் படுவது இந்த வழி. நன்றாக அரைத்து, தொழு உரத்தோடும் பொட்டாஷ் பாக்டீரியாவோடும் சேர்த்து அடியுரமாகப் போடுவது. பாக்டீரியா சுரக்கும் அமிலம் அடுக்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கும். நூறு நாள் நெல்லுக்கு இந்த வேகம் போதாது. தென்னைக்கும் மாமரத்துக்கும் அவசரமில்லை.

வாங்கப் போனால் ஒன்று கேளுங்கள்: மூட்டையில் போட்டிருப்பது மொத்தப் பொட்டாஷா, நீரில் கரையும் பொட்டாஷா? அரைத்த பாறைத்தூளில் இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வாய்ப்பில்லை.