சொந்தக்காரர் என்னும் காப்புறுதி

பகாவ் வட்டாரத்துத் தோட்டங்களிலும் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிகளிலும் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களுக்கு என் வணக்கம்.

சில சமூகங்களில் பெரியப்பா, சித்தி, தாய்மாமன் என்று உறவு முழுவதும் ஒரு குடும்பத்தைத் தாங்குகிறது. வேறு சிலவற்றில் கணவன், மனைவி, பிள்ளைகளோடு குடும்பம் முடிந்துவிடுகிறது. அவர்களுக்குப் பாசம் குறைவு என்று நம்மவர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. கைகால் விழுந்தால் சோறு போடுவது யார் என்ற கேள்விக்கு ஒரு சமூகம் வைத்திருக்கும் விடையைப் பொறுத்தே அங்கே உறவு நெருங்குகிறது அல்லது விலகுகிறது.

நம் ரப்பர் தோட்டங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கங்காணிமார் தம் ஊரிலும் உறவிலும் ஆள் சேர்த்து வந்ததால், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பங்காளிகளும் மாமன் மச்சான்களும் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தார்கள். என் அம்மா காய்ச்சலில் படுத்துவிட்டால், அத்தை காலையில் பேர் எடுக்கும் பிரட்டுக் களத்திலேயே மேற்பார்வையாளரான தண்டலிடம் சொல்லிவிட்டு, தமக்கு ஒதுக்கிய மர வரிசையான நிரையை முடித்த கையோடு அம்மாவின் நிரைக்கு ஓடுவார். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும் என்பதால், பட்டையில் காய்ந்திருக்கும் பாலை உரித்து எறிந்து, பால் வடியும் கிண்ணமான மங்கைத் துடைத்து, பட்டையைச் சீவ உளி போட்டு, மூச்சு வாங்க அடுத்த மரத்துக்குப் போவார். அத்தைக்குப் பிள்ளை பிறந்தபோது அம்மா அதையே செய்தார். யாரும் கணக்கு எழுதவில்லை. ஆனால் யாரும் மறக்கவும் இல்லை. வீடு கம்பெனியுடையது, சொந்த நிலம் கிடையாது, வேலை போனால் கூரையும் போய்விடும் என்ற நிலையில், சொந்தக்காரர்களே அவர்களுக்கு இருந்த காப்புறுதி.

நம் பகாவ் இருக்கும் இதே மலேசிய மாநிலமான நெகிரி செம்பிலானில், அடாட் பெர்பாத்தே என்னும் மரபு வழக்கப்படி பூர்விக நிலம் தாய்வழியில் மகளுக்குச் சேர்வதால், அந்த நிலமே மலாய்க்காரர்களின் தாய்வழி உறவைக் கட்டிவைத்தது. இங்கிலாந்திலோ 1601-ஆம் ஆண்டு ஏழையர் சட்டம் வறியவர்களைத் தாங்கும் பொறுப்பை ஊர்த் தேவாலய வட்டாரத்தின் வரிப்பணத்தில் வைத்தது. ஜெர்மனி 1889-இல் தொழிலாளருக்கு முதுமைக் காப்புறுதி கொண்டுவந்தது. மறுபடியும் சொல்கிறேன், கேள்வி ஒன்றுதான்: விழுந்தால் யார் தாங்குவது?

நமக்கு 1951-இல் ஊழியர் சேமநிதி வந்தது. ஆனால் அது அவரவர் சேமிப்பு. 55 வயதில் எடுத்துவிட்டால் கரைந்துபோகும். இதற்கிடையில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போக, அத்தை ஒரு தாமானிலும் அம்மா வேறொரு தாமானிலும் ஆனார்கள். உறவு கலைந்த வேகத்தில் வேறு காப்பு வந்து சேரவில்லை என்பதே என் மனக்குறை.

ஜப்பானைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. பெரும்பாலும் மருமகள் தலையில் இருந்த முதியோர் பராமரிப்புக்கு அவர்கள் 2000-ஆம் ஆண்டில் காப்புறுதித் திட்டம் கொண்டுவந்தார்கள். 40 வயதிலிருந்து எல்லாரும் சந்தா கட்டுகிறார்கள். நன்றி, வணக்கம்.