அம்மாவுக்கு ஹோம் பார்க்கப் போனோம், மீன் பிரச்சினையில் நின்றது

வணக்கம் மக்களே, காசிமேடு வீடியோ இந்த வாரம் இல்லை, மன்னித்துவிடுங்கள். நேற்று ஒரு முதியோர் இல்லம் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கு ஆறவே இல்லை.

அம்மா பாத்ரூமில் விழுந்ததைச் சொல்லியிருந்தேன் இல்லையா, இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். தண்டையார்பேட்டை வீடு இரண்டாவது மாடி, லிப்ட் கிடையாது. நான் வேலைக்குப் போனால் பகல் முழுக்கத் தனியாக இருக்கிறார். அண்ணன் ஹோம் பார்க்கலாம் என்றதும் மாமா போனில், பெற்றவளைக் கொண்டுபோய் விட்டால் ஜெயில் என்று ஒரே சத்தம். மாமா, பெற்றோர், மூத்த குடிமக்களைப் பராமரிப்பதற்கான 2007 சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மூத்தவர்களை எங்கேயாவது விட்டு அடியோடு கைகழுவுவதுதான் குற்றம், அதற்குத்தான் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். வாரா வாரம் போய்ப் பார்க்கிற பிள்ளைகளுக்கு இல்லை.

சரி, அந்த இடம். மாதம் 28,000, மூன்று மாத அட்வான்ஸ், டயப்பர் தனிக் கணக்கு. பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது, ராத்திரியும் அட்டெண்டர் உண்டு, எனக்குப் பிடித்தே விட்டது. கிளம்பும்போதுதான் மேலாளர் சொல்கிறார், இங்கே சுத்த சைவம், வெளியிலிருந்தும் கொண்டுவரக் கூடாதாம்! எழுபத்தாறு வருடம் நெத்தலியும் சங்கராவும் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாத தடைக்காலத்தில்கூட எங்கள் வீட்டில் கருவாடாவது கொதிக்கும். அவருக்குத் தினமும் சாம்பாரும் கூட்டுமா? வயசானால் நாக்கு செத்துவிடுமா என்ன? 28,000 கொடுத்து ஒரு துண்டு மீனுக்கு ஏங்க வேண்டுமா? எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். அம்மாவை நாங்கள் கூட்டிப் போகவே இல்லை. நானும் அண்ணனும் தூரம், பணம், டாக்டர் என்று ஒரு மாதம் பேசினோம், அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராத்திரி மெதுவாகச் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். "மீன் போடுவாங்களா? ஜன்னல் ஓரம் கட்டில் கிடைக்குமா? ஒரு மாசம் இருந்து பார்க்கிறேன், பிடிக்கலன்னா கூட்டிட்டு வந்துடணும்" என்றார்.

திருவொற்றியூரில் இன்னொரு இடம் இருக்கிறது, போனிலேயே மீனைத்தான் முதலில் கேட்டேன், வாரம் இரண்டு நாள் உண்டாம். ஞாயிற்றுக்கிழமை போகிறோம், இந்த முறை அம்மாவும் வருகிறார்.