ஆட்டுக்கால் அடுப்பில் இருக்கிறது, மிளகு இன்னும் போடவில்லை

வணக்கம். மணி ஐந்தரை. கடலூர் தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து பேசுகிறேன். படம் இருட்டாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மார்கழி மாதம், வெளிச்சம் வர இன்னும் நேரம் இருக்கிறது. ஜன்னல் கம்பியைத் தொட்டுக் காட்டுகிறேன், விரல் நனைகிறது பாருங்கள், எல்லாம் பனி. நம் ஊரில் விடியற்காலையில் 20 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும். மலைப்பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் கடற்காற்றின் ஈரமும் கூடச் சேர்ந்தால் நமக்குப் போர்வையை விட்டு வெளியே வர மனம் வராது.

அடுப்பில் ஆட்டுக்கால் சூப் இருக்கிறது. நாலு மணிக்கு ஏற்றினேன். என் வீட்டுக்காரர் நெய்வேலியில் இரவு ஷிப்ட் முடித்து ஏழு மணிக்கு மேல் வருவார். அவர் வருவதற்குள் இது தயாராக வேண்டும். அதுவரை உங்களோடு பேசலாம்.

சமையலுக்குப் போவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். சென்ற வாரம் வெளியூரில் ஒரு கடையில் சூப் வாங்கினேன். கிண்ணத்தில் கரண்டி நிற்கும் போலிருந்தது, அவ்வளவு கெட்டி. வாயில் வைத்தால் சோளமாவுக் கஞ்சி. எலும்பின் ருசியே இல்லை. எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. குளிருக்கு இதமாக ஏதாவது வயிற்றில் இறங்கட்டும் என்று காசு கொடுத்து வாங்கிக் குடிப்பவருக்குக் கரைத்த மாவையா ஊற்றுவது? சூப்பின் கெட்டி, எதைப் போட்டுக் காய்ச்சுகிறோமோ அதிலிருந்தே இறங்கி வர வேண்டும். காலிலிருந்து வரலாம், நண்டிலிருந்து வரலாம், கொள்ளிலிருந்து வரலாம். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான்.

காலுக்கு வருகிறேன். ஆட்டின் காலில் கறி எவ்வளவு இருக்கும்? கொஞ்சம்தான். மீதியெல்லாம் எலும்பு, தோல், நரம்பு, குருத்து. இவற்றில் கொலாஜன் என்ற புரதம் நிறைய இருக்கிறது. தண்ணீரில் நெடுநேரம் மெல்லிய சூட்டில் கிடக்கும்போது அது கரைந்து ஜெலட்டினாக மாறுகிறது. சூப் குடித்த பிறகு உதடு லேசாக ஒட்டுகிறதே, அந்தப் பிசுபிசுப்பு அதனால்தான். அவசரப்படுத்தினால் அது வராது. தீயைக் கூட்டித் தளதளவென்று கொதிக்கவிட்டால் கொழுப்பு கலங்கிச் சூப் குழம்பிப்போகும். இப்போது மூடியைத் திறக்கிறேன். ஓரத்தில் மட்டும் ஒன்றிரண்டு குமிழி எழும்பி உடைகிறது, பாருங்கள். இந்த அளவுக்குத் தீ போதும்.

கறிக்கடையில் நாலு கால் வாங்கினேன். தீயில் வாட்டி, சுரண்டி, துண்டு போட்டுத்தான் கொடுப்பார்கள். என்றாலும் வீட்டில் மஞ்சள்தூள் போட்டுத் தேய்த்து மூன்று முறை கழுவுங்கள். குளம்பின் இடுக்கில் கருகிய முடி ஒட்டியிருக்கும், கத்தியால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அப்புறம் முங்கும் அளவு தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவேன். கவிச்சி பெரும்பாலும் அதோடு போய்விடும். பிறகு இரண்டரை லிட்டர் புதுத் தண்ணீர், தட்டிய சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு பத்துப் பல், ஒரு விரல் நீளம் இஞ்சி, ஒரு தக்காளி, அரை ஸ்பூன் மஞ்சள்தூள். உப்பைக் கடைசியில் போடுங்கள். தண்ணீர் வற்ற வற்ற உப்புக் கரிக்கும், முதலிலேயே போட்டால் அளவு தப்பிவிடும். மூன்று மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்குக் குறையும். குக்கரில் வைக்கிறவர்கள் தண்ணீரைக் குறைத்து ஊற்றி, ஒரு விசில் வந்ததும் தீயைத் தணித்து முக்கால் மணி நேரம் விடுங்கள். நன்றாகவே வரும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் வழி.

மீந்த சூப்பைக் குளிர்பெட்டியில் வைத்தால் காலையில் பாளமாக உறைந்திருக்கும். கெட்டுப்போயிற்று என்று கொட்டிவிடாதீர்கள்! உறைந்தால் நீங்கள் சரியாகக் காய்ச்சியிருக்கிறீர்கள் என்று பொருள். சூடு பண்ணினால் இளகிவிடும். இதைக் குடித்தால் மூட்டு வலி போகும், எலும்பு கூடும் என்றெல்லாம் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். குளிரும் பசியும் போகும், அதற்கு நான் பொறுப்பு.

நண்டு இதற்கு நேர் எதிர். நேரம் கூடினால் கெட்டது. கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குக் காலையில் போனால் புள்ளி நண்டு, நீலக்கால் நண்டு எல்லாம் கூடையில் இருக்கும். சூப்புக்குப் பெரிய நண்டு வேண்டாம், பொடி நண்டே போதும், ருசி அதில்தான். கையில் எடுத்தால் உருவத்துக்கு மேல் கனக்க வேண்டும். மூக்கைக் குத்தும் நெடி அடித்தால் வாங்காதீர்கள். சுத்தம் செய்து, காலையும் உடம்பையும் உரலில் இட்டு ஓட்டோடு இடித்து, தண்ணீர் விட்டுப் பிழிந்து, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். ஓட்டுச் சில்லு குழந்தைகளின் தொண்டையைக் கிழித்துவிடும், இதில் மட்டும் சோம்பல் கூடாது. அந்தச் சாற்றில் பூண்டும் சீரகமும் தட்டிப் போட்டு, கொதி வந்து பதினைந்து நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். இடிபட்ட சதையே அதற்குக் கெட்டி கொடுக்கும்.

மார்கழியில் அசைவம் தொடாத வீடுகள் இங்கே நிறைய உண்டு. அவர்களுக்குக் கொள்ளு இருக்கிறது. கொள்ளு என்றாலே எனக்கு 2024ஆம் ஆண்டு ஃபெஞ்சல் புயல்தான் நினைவுக்கு வரும். நவம்பர் 30ஆம் தேதி புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணையில் வெள்ளம். எங்களுக்கு மின்சாரம் இல்லை, கடைக்குப் போக வழியில்லை. கொல்லையில் நின்ற முருங்கை மரம் காற்றில் முறிந்து விழுந்து கிடந்தது. முருங்கைக்கு எப்போதுமே பலம் கிடையாது. கீழ் வீட்டுக்காரர்கள் தண்ணீருக்குப் பயந்து குழந்தைகளோடு மேலே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மொத்தம் பதினோரு பேர். டப்பாவில் அரைக் கிலோ கொள்ளு இருந்தது. ஊற வைத்து, குழைய வேகவைத்து, மத்தால் கடைந்து, அதே மரத்தின் கீரையை உருவி இறக்கும்போது போட்டேன். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எல்லோரும் டம்ளர் டம்ளராகக் குடித்தோம். கீழ் வீட்டுப் பாட்டி கையில் டம்ளரை வைத்துக்கொண்டு குடிக்காமல் வெகுநேரம் கன்னத்தில் ஒற்றிக்கொண்டிருந்தார். அதை என்னால் மறக்க முடியாது.

அளவு சொல்கிறேன். நாலு பேருக்கு 100 கிராம் கொள்ளு, இரவே ஊறட்டும், குக்கரில் எட்டு விசில். பாதியைக் கடைந்து பாதியை முழுதாக விடுங்கள், கடிபட நன்றாக இருக்கும். கீரைக்கு மூன்று நிமிடம் போதும், அதற்கு மேல் போனால் நிறம் மங்கிவிடும். பரங்கிக்காய் சூப் பிடித்தவர்கள் கிரீம் தேட வேண்டாம். பக்கத்தில் பண்ருட்டி இருக்கிறது, பத்து முந்திரியை ஊற வைத்து அரைத்து ஊற்றுங்கள்.

வானம் வெளுத்துவிட்டது. மணி ஏழு. சூப்பை இரண்டு விரலில் தொட்டுப் பார்க்கிறேன். ஒட்டுகிறது, பதம் வந்துவிட்டது.

மிளகுதான் பாக்கி. மிளகாய் இந்த நாட்டுக்குப் போர்ச்சுக்கீசியர் வழியாக வந்த காய், அதற்கு முன் நமக்குக் காரம் என்றால் மிளகு. இந்தத் தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையை வைத்திருந்த ஆங்கிலேயர்கள், நம் மிளகுத்தண்ணீரை ‘மல்லிகடானி’ என்று தங்கள் நாக்குக்கு வந்தபடி மாற்றிச் சூப்பாக்கிக்கொண்டார்கள். இங்கே இரண்டு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம் வறுத்து வைத்திருக்கிறேன். தூள் பாக்கெட் வேண்டாம். அம்மியில் கொரகொரவென்று நுணுக்குங்கள். அதுவும் குடிக்கப் போகும் நேரத்தில்தான் போட வேண்டும், முன்பே போட்டால் வாசனை ஆவியோடு போய்விடும்.

கேட் திறக்கும் சத்தம் கேட்டதா? வண்டியை நிறுத்துகிறார். கொஞ்சம் இருங்கள், மிளகை நுணுக்கிவிட்டு வருகிறேன்.