நீறு பூத்த வானம்

நேயர்களுக்கு வணக்கம். டர்பனில் முப்பது வருடம் இயற்பியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கரும்பலகை இல்லாமல் பேசுவது இதுதான் முதல் தடவை. சாக்பீஸ் பிடித்த கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

சின்ன வயதில் எங்கள் பகுதிக் கோயிலில் குட் ஃப்ரைடே அன்று தீமிதி நடக்கும். நம் பெரியவர்களுக்குக் கரும்புத் தோட்டத்தில் ஈஸ்டருக்குத்தான் லீவு கிடைத்ததாம். அம்மனும் அதற்கேற்ப நாளை மாற்றிக்கொண்டாள் போலும். ஒரு வருடம், எல்லாரும் மிதித்து முடித்துச் சாப்பிடப் போன பிறகு, நான் குழியருகே நின்றிருந்தேன். கனலெல்லாம் அடங்கி வெறும் சாம்பலாகக் கிடந்தது. விளையாட்டாக ஒரு காலை வைக்கப் போனேன். ஆயா சட்டையைப் பிடித்து இழுத்து, “கண்ணால பாக்காதடா, கைய நீட்டிப் பாரு” என்றார். நீட்டினேன். ஒரு முழ உயரத்திலேயே புறங்கை சுட்டது. நீறு பூத்த நெருப்பு!

அன்று என் புறங்கையைச் சுட்டதும் ஒளிதான். நம் கண்ணுக்குப் புலப்படாத, சிவப்புக்கும் அப்பால் உள்ள ஒளி. அகச்சிவப்புக் கதிர் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் வில்லியம் ஹெர்ஷல். 1800இல் இங்கிலாந்தில், சூரிய ஒளியை முப்பட்டகத்தால் வண்ணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வண்ணத்திலும் வெப்பமானி வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, ஒளியே தெரியாத இடத்தில்தான் சூடு அதிகம் ஏறியது. அவர் மகன் ஜான் ஹெர்ஷல் நம் நாட்டுக்கே வந்தவர். 1834 முதல் 1838 வரை கேப் டவுனின் கிளேர்மாண்ட் பகுதியில் தங்கித் தெற்கு வானத்தை அலசினார். பகலிலும் மனிதர் சும்மா இருக்கவில்லை. கறுப்படித்த பெட்டிக்குக் கண்ணாடி மூடி போட்டு, வெயிலிலேயே முட்டை அவித்தார், கறி சமைத்தார். தென்னாப்பிரிக்காவின் முதல் சோலார் அடுப்பு அதுவாகத்தான் இருக்கும் என்று என் மாணவர்களிடம் அடித்துவிடுவேன். யாரும் மறுத்ததில்லை.

சரி, வானத்துக்கு வருவோம். ஜூலை மாதம் இரவு பத்து, பத்தரைக்கு வெளியே வந்து அண்ணாந்து பாருங்கள். தேள் உருவம் உச்சியில் தெரியும். அதன் வால்தான் மூலம் நட்சத்திரம். பெண்ணுக்கு மூலம் என்றால் வரன் வீட்டார் முகம் சுளிப்பார்களே, அதே மூலம். அந்த வாலை அடுத்துத்தான் நம் பால்வீதியின் நடு மையம் இருக்கிறது. டர்பன்காரர்களுக்கு ஒரு தனிப் பெருமை: அந்த மையம் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே, ஏறத்தாழ ஒரு டிகிரி மட்டும் விலகிக் கடந்து போகிறது. லண்டனில் அது அடிவானத்துக்குச் சற்று மேலே மட்டும்தான் எழும்பும்.

ஆனால் அந்த மையத்தின் பக்கம் பார்த்தால் கறுப்புத் திட்டுகள்தான் தெரியும். விண்மீனே இல்லாத ஓட்டை என்று நினைத்துவிடாதீர்கள். அது தூசு. நமக்கும் மையத்துக்கும் நடுவே ஏறக்குறைய 27,000 ஒளியாண்டுத் தூரம் முழுக்கப் புகையிலும் நுண்ணிய துகள்கள் மிதக்கின்றன. அங்கிருந்து கிளம்பும் சாதாரண ஒளியில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் நம்மை எட்டுகிறது. அதுவே இரண்டு மைக்ரான் அலைநீளமுள்ள அகச்சிவப்பு என்றால், பத்துப் பதினைந்தில் ஒரு பங்கு வந்து சேர்ந்துவிடும். நீண்ட அலை அந்தத் துகள்களை அதிகம் சட்டை செய்யாமல் கடந்து வருகிறது. தூசே சூடாகி அதைவிட நீண்ட அலையில் ஒளிர்வதும் உண்டு. அது வேறொரு நாளைக்கு.

அப்படியானால் டர்பனிலேயே ஒரு கருவியை வைத்துப் பார்க்கலாமே? முடியாது. காற்றிலுள்ள நீராவி அகச்சிவப்பை விழுங்கிவிடும். நம் ஊர் ஈரம் உங்களுக்கே தெரியும். பிப்ரவரியில் அப்பளம் ஐந்து நிமிடம் மொறுமொறுப்பாக நிற்காது. அதனால்தான் காரூ என்ற வறண்ட உள்நாட்டுப் பகுதி. அங்கே சதர்லாண்டில், ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில், வறண்ட மேட்டில் நம் தேசிய ஆய்வகத்தின் தொலைநோக்கிகள் நிற்கின்றன. எல்லாரும் சால்ட் என்ற பெரியதைத்தான் போட்டோ எடுப்பார்கள். எனக்குப் பிடித்தது ஓரத்தில் இருக்கும் சிறியது. 1.4 மீட்டர் கண்ணாடி, ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2000இல் தொடங்கியது, அகச்சிவப்புக்கென்றே அமைந்தது. அதன் கேமரா ஒரே நேரத்தில் மூன்று அலைநீளங்களில் படம் எடுக்கும். அந்தக் கேமராவின் உட்பகுதியைக் கடுமையாகக் குளிரவைத்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் அதன் சொந்தச் சூடே அகச்சிவப்பில் ஒளிர்ந்து படத்தைக் கெடுத்துவிடும். குத்துவிளக்கைக் கண் முன்னால் பிடித்துக்கொண்டு மின்மினி தேடுகிற கதைதான்.

அந்தச் சின்னத் தொலைநோக்கி 2001 முதல் 2008 வரை திரும்பத் திரும்ப மையத்தைப் படமெடுத்தது. அதில் மூன்று செபீட் விண்மீன்கள் சிக்கின. இவை இதயம்போல் விரிந்து சுருங்கி, ஒளி கூடிக் குறைபவை. துடிப்புக் காலம் தெரிந்தால் உண்மையான பிரகாசம் தெரியும், அதிலிருந்து தூரம் தெரியும், வயதுகூடத் தெரியும். மூன்றுக்கும் துடிப்பு ஏறத்தாழ இருபது நாள். வயது சுமார் இரண்டரைக் கோடி ஆண்டு. அதைவிட வேகமாகத் துடிக்கும், அதாவது இன்னும் வயதான செபீட் ஒன்றுகூட அங்கே அகப்படவில்லை. ஆகவே அதற்கு முந்தைய சில கோடி ஆண்டுகள் அங்கே விண்மீன் பிறப்பு மந்தமாக இருந்து, பிறகு சூடு பிடித்திருக்கிறது. ஜப்பானியரும் நம் நாட்டவரும் சேர்ந்து எழுதிய அந்தக் கட்டுரை 2011இல் நேச்சர் இதழில் வந்தது. சிலியிலும் ஹவாயிலும் இன்னும் பெரிய கருவிகள் இதே அகச்சிவப்பில்தான் அங்குள்ள விண்மீன்களைப் பின்தொடர்ந்து, நாற்பது லட்சம் சூரியன்களின் எடையுள்ள ஒன்று நடுவே இருப்பதைக் காட்டின. அதற்கு 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. எனக்கென்னவோ அந்த மூன்று செபீட்கள் மேல்தான் பாசம்.

வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். டிவி ரிமோட்டின் முனையைப் போனின் முன்பக்கக் கேமராவுக்குக் காட்டிப் பட்டனை அழுத்துங்கள். பெரும்பாலான போன்களில் ஒரு வெளிறிய புள்ளி மினுக்கும். வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இருட்டில் இன்னும் நன்றாகத் தெரியும். கரண்ட் போகிற நேரத்துக்கு ஏற்ற விளையாட்டு. வணக்கம்.