ஒரு மில்லிமீட்டரில் மாறிய இனம்

அவையோருக்கு வணக்கம். தலையையும் தோலையும் அளந்து மனிதரை இனங்களாகப் பிரிக்க முயன்ற கதை இது. முதலில் ஒரு சின்னக் கணக்கு.

ஒருவருடைய தலையின் நீளம், புருவ மத்தியிலிருந்து பின்மண்டைப் புடைப்பு வரை, 184 மில்லிமீட்டர். அகலம் 147. அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் 79.9 வரும். 80ஐத் தாண்டவில்லை என்பதால் இவர் நடுத்தரத் தலையர். அளந்தவர் காலிப்பர் என்ற அளவுக் கவ்வியைக் கொஞ்சம் தளர்வாகப் பிடித்து, முடியையும் சேர்த்து 148 என்று எழுதிவிட்டால் விடை 80.4. உட்கார்ந்த இடத்திலேயே ஆள் உருண்டைத் தலையர் ஆகிவிட்டார்!

தலைக்குறியீடு என்ற இந்தக் கணக்கை 1840களில் கொண்டுவந்தவர் சுவீடனின் ஆண்டர்ஸ் ரெட்சியஸ். இதோடு உயரம், முடி நிறம், கண் நிறம் ஆகியவற்றையும் சேர்த்து, 1899இல் வில்லியம் ரிப்ளி என்ற அமெரிக்கர் ஐரோப்பியரை மூன்று இனமாகப் பிரித்தார். அவர் பொருளியல்காரர் என்பது கூடுதல் செய்தி. வடக்கே நீண்ட தலையும் பொன்முடியும் கொண்ட டியூட்டானியர், நடுவே உருண்டைத் தலை ஆல்பைனர், தெற்கே நீண்ட தலையும் கருமுடியும் கொண்ட மத்தியதரைக் கடலினர்.

அச்சு அசலான ஆல்பைனர் ஒருவரின் புகைப்படம் வேண்டும் என்று ஓட்டோ அம்மோனிடம் கேட்கப்பட்டது. ஜெர்மனியில் பாடன் பகுதியில் ஆயிரக்கணக்கான தலைகளை அளந்தவர் அவர். எல்லா லட்சணமும் பொருந்திய ஒருவர்கூடக் கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. தலை உருண்டை என்றால் முடி பொன்னிறமாக இருக்கும், அல்லது ஆள் உயரமாக இருப்பார், இல்லையேல் மூக்கு ஒடுங்கியிருக்கும். ரிப்ளி இதை மறைக்காமல் தம் நூலிலேயே எழுதினார். வகைகளை மட்டும் விடவில்லை. ஊர்ச் சராசரிகளைக் கூட்டிவைத்து அதற்கு ஆள் தேடினால் எப்படிக் கிடைப்பார்?

மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1908 முதல் நியூயார்க்கில் குடியேறிகளையும் அவர்களின் பிள்ளைகளையும் அளந்தார். மொத்தம் சுமார் 18,000 பேர். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளின் தலை வடிவம் பெற்றோரிடமிருந்து விலகியிருந்தது. அப்படியென்றால் அது மாறாத இன அடையாளம் என்று எப்படிச் சொல்வது? எவ்வளவு விலகல் என்பதில் பின்னாளில் சர்ச்சை எழுந்தது.

தோலுக்கு வருவோம். பெர்லினில் பணியாற்றிய மானிடவியலாளர் ஃபெலிக்ஸ் ஃபான் லுஷான், 36 கண்ணாடி வில்லைகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார். வெயில் படாத மேல்கையின் உட்புறத்தில் வில்லையை ஒட்டிப் பிடித்து, நிறம் எதோடு பொருந்துகிறதோ அந்த எண்ணைக் குறிக்க வேண்டும். எளிமைதான், சிக்கலும் அங்கேதான். கண்ணாடி பளபளக்கும், தோல் பளபளக்காது. தோலுக்கு மெலனின் பழுப்பைத் தருகிறது, அடியில் ஓடும் ரத்தம் சிவப்பைத் தருகிறது. ஒற்றை நிற வில்லை இரண்டையும் எப்படிக் காட்டும்? மேகம் மூடினால் ஓர் எண், வெயில் வந்தால் வேறு எண். ஒரே கையை இருவர் பார்த்தால் இரண்டு விடை. வெளிர் தோலில் அடுத்தடுத்த எண்களைப் பிரித்தறிவது பெரும்பாடு.

1950களில் ஒளித்திருப்புமானி வந்த பிறகு வில்லைகள் ஓய்ந்தன. கருவி ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு திரும்புகிறது என்று எண்ணிச் சொல்லும். மெலனினை அறிய 650 நானோமீட்டர் அருகிலுள்ள சிவப்பு ஒளி ஏற்றது. அதை ரத்தம் அதிகம் உறிஞ்சுவதில்லை. திரும்பும் ஒளி குறையக் குறைய மெலனின் எண் கூடும்: பாதி ஒளி திரும்பினால் 30, கால் பங்கு திரும்பினால் 60. இதிலும் கவனம் வேண்டும்: கருவியை அழுத்திப் பிடித்தால் ரத்தம் விலகித் தோல் வெளுத்துவிடும். மெதுவாக வைத்து, மூன்று முறை எடுத்துச் சராசரி போடுவது நல்லது. இப்படி அளந்தால் எண்கள் தொடர்ச்சியாக வருகின்றன. எங்கே கோடு கிழித்தாலும் இருபுறமும் ஆட்கள் நெருங்கி நிற்பார்கள்.

தோலை வெளிறச் செய்யும் மரபணு மாற்றங்களில் முக்கியமான ஒன்று, எஸ்எல்சி24ஏ5 மரபணுவில் உள்ளது. 2005இல் வரிக்குதிரை மீன் ஆய்விலிருந்து தெரியவந்தது. ஐரோப்பியரில் ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கும் இந்த மாற்றம் தெற்காசியாவிலும் பரவலாக உண்டு, தமிழரிடமும் உண்டு. ஆனால், ஸ்பெயினின் லா பிரான்யா குகையில் கிடைத்த, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முந்தைய வேட்டைக்காரரிடம் இது இல்லை. 2014இல் வெளியான அவருடைய மரபணுத் தொகுதியின்படி, தோல் கருமை, கண் நீலம். ரிப்ளியின் மூன்று பெட்டிகளில் எதிலும் அவரைப் போட முடியாது.