தனியே போகாத வண்டி

நேயர்களுக்கு வணக்கம்.

மாரி தொடங்கிவிட்டால் திருகோணமலையில் எங்கள் கராச்சுக்கு ஒரே கேள்விதான் வரும். "பழைய இராணுவ லொறி ஒன்று ஏலத்தில் எடுத்தால் வயலுக்குள் இறக்கலாமா?" தாராளமாக இறக்கலாம். வெளியே எடுப்பதுதான் கதை. இறக்கிவிட்டு எடுக்க முடியாமல் ஒரு பகல் முழுக்கச் சேற்றில் நின்றவன் நான். என்னைப் பேச அழைத்ததும் அந்தத் தகுதிக்குத்தான் என்று நினைக்கிறேன்.

இராணுவ வாகனம் நமது ஊருக்குப் புதிதல்ல. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட ஊர் இது. 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்த ஊர். ஆனால் அந்த வண்டிகளைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. எல்லாச் சில்லும் சேர்ந்து இழுத்தால் எங்கேயும் போகும் என்று நினைக்கிறார்கள். போகும்தான், சாதாரண லொறியை விட இன்னும் ஐம்பது யார் தூரம் உள்ளே போய்ப் புதையும்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர் செய்த ஜீஎம்சி லொறி ஐந்து லட்சத்துக்கும் மேல். மூன்று அச்சிலும் இழுவை இருந்தும் அதன் பெயர் இரண்டரை டன் லொறிதான். அதற்குப் பின் வந்த எம்-35 லொறிக்கும் அதே பெயர். அந்த இரண்டரை டன் காட்டு வழிக்கான கணக்கு. நல்ல ரோட்டில் அதே எம்-35 ஐந்து டன் ஏற்றும். செய்தவனே சேற்றுக்குப் பாதிதான் என்று சொல்லியிருக்கிறான். நாம்தான் கேட்பதில்லை.

இன்னொன்று. இந்த வண்டிகள் தனியே போகும் என்று நினைத்து யாரும் செய்யவில்லை. முன்னால் ஒன்று, பின்னால் பத்து, புதைந்தால் இழுக்க ஒரு மீட்பு வண்டி, தள்ள ஐம்பது பேர். ஏலத்தில் நமக்குக் கிடைப்பது லொறி மட்டும். அத்தனையும் கூட இருந்துதானே 1941 இலையுதிர் காலத்தில் ரஷ்யச் சேற்றில் ஜேர்மன் லொறிகள் நின்றுபோயின!

என்னுடையது பெட்போர்ட் ஆர்எல். 1953இல் தொடங்கிப் பிரித்தானிய இராணுவத்துக்கென்று செய்த வண்டி, நாலு சில்லும் இழுக்கும். வெறுமையாகவே நாலு டன்னுக்கு மேல் நிறை. ரோட்டில் டயருக்கு அறுபது இறாத்தல் காற்று வைத்திருப்பேன்; வயலுக்குள் இறங்க முன் முப்பதுக்குக் கொண்டுவருவேன். டயர் நிலத்தை அமத்துவது ஏறக்குறைய உள்ளே இருக்கும் காற்றின் அளவுக்குத்தான். காற்றைக் குறைத்தால் டயரின் பாதம் நீளும், சேறு கொஞ்சம் தாங்கும். சோவியத்தில் 1958இல் வந்த ஸில்-157 லொறியில் சாரதி ஆசனத்தில் இருந்தபடியே காற்றை ஏற்றி இறக்கலாம். நான் ஆணி முனையால் வால்வை அமத்திக்கொண்டு ஒவ்வொரு சில்லடியிலும் குந்தியிருப்பேன்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். தை மாதம், தம்பலகாமம். வாய்க்காலுக்கு அப்பால் ஒரு நானாவின் நெல் நாற்பது மூட்டை நனையக் காத்திருந்தது. மழை விட்டு மூன்று நாள். மேலே காய்ந்து வெடித்த தோல், கீழே கஞ்சி. வெறும் வண்டியாகப் போகும்போது ஒன்றும் தெரியவில்லை. மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போன தடத்திலேயே திரும்பினேன். அங்கேதான் பிழை விட்டேன். மேல்தோல் போகும்போதே உடைந்திருந்தது.

எஞ்சின் சத்தம் மாறியது. எட்டிப் பார்த்தால் பின்சில்லு சுற்றுகிறது, வரம்பு அதே இடத்தில் நிற்கிறது. டயரின் பல்லெல்லாம் சேறு அடைத்து வழவழவென்று உருளை மாதிரி. அந்த நொடியில் காலை எடுத்திருந்தால் சில்லளவோடு போயிருக்கும். எடுக்கவில்லை. அரை நிமிடம் மிதித்தேன். மட்காட் வரை இறங்கி, அச்சின் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும் டிஃபரன்ஷல் உருண்டை சேற்றில் குந்திவிட்டது.

இரண்டு டிராக்டர் வந்து இழுத்தன. ஒன்றின் முன்சில்லு மேலே கிளம்பியதுதான் மிச்சம். இராணுவ மீட்புக் கையேட்டில் ஒரு கணக்கு உண்டு. சில்லளவு புதைந்தால் வண்டியும் சுமையும் சேர்ந்த நிறைக்கு இழுக்க வேண்டும். மட்காட் வரை என்றால் இரண்டு மடங்கு, கபின் வரை என்றால் மூன்று. எனக்கு வண்டி நாலரை டன், நெல் இரண்டரை டன். ஆக ஏழு, இரட்டித்தால் பதினாலு. கம்பியைச் சுற்றி இழுக்கிற என் வின்ச் இழுப்பது ஐந்து.

முதலில் மூட்டைகளை இறக்கினோம், நாற்பதையும் தலைச்சுமையாக. கணக்கு ஒன்பதுக்கு வந்தது. பிறகு வின்ச் கம்பியை வாய்க்கால் கரை மருதமரத்தில் கட்டிய கப்பியால் திருப்பி வண்டியிலேயே கொழுவினேன். ஐந்து டன் இழுவை கிட்டத்தட்டப் பத்தானது. மரத்தில் கம்பி வெட்டாமல் பழைய டயர்த் துண்டு. கம்பியின் நடுவில் ஈரச் சாக்கு இரண்டு போட்டேன். இறுகிய கம்பி அறுந்தால் திரும்பி வருவது கண்ணுக்குத் தெரியாது. சாக்கின் பாரம் அதைக் கொஞ்சமாவது கீழே இழுக்கும். பார்க்க வந்தவர்களையெல்லாம் கத்தித் துரத்தினேன். சிலருக்கு இன்னும் கோபம்.

அப்போதும் வண்டி அசையவில்லை. நானாதான் சொன்னார்: "தம்பி, எருமையைப் பாருங்க. குளம்பை விரிச்சு வைக்கும், ஒடுக்கி எடுக்கும். காத்துப் போக இடம் வேணும்." சேறு சில்லை உறிஞ்சிப் பிடித்திருந்தது. ஒவ்வொரு சில்லின் பக்கமும் மண்வெட்டியால் வெட்டி, கீழே தண்ணீர் விட்டோம். "ப்ளக்" என்று ஒரு சத்தம். வண்டி ஒரு சாண் நகர்ந்தது. அதற்குப் பிறகு அரை மணித்தியாலம்.

கண்டி வீதிக்கு ஏறி முதல் தடவை பிரேக்கை மிதித்தேன், ஒன்றுமே இல்லை. ட்ரம் முழுக்கச் சேற்றுத் தண்ணீர். காற்றிறங்கிய டயரோடு, பிரேக்கை மெல்ல மிதித்து மிதித்துக் காயவைத்தபடி, நடையளவு வேகத்தில் டயர் கடை வரை ஊர்ந்தேன். இரண்டு நாள் கழித்து டிஃபரன்ஷல் எண்ணெயைத் திறந்தால் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. சூடான உருண்டை குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை இழுத்துவிடும். கழுவி, புது எண்ணெய் விட்டுப் பார்த்தால் அந்த நாள் கூலி எண்ணெய்க்கே போதவில்லை.

அடுத்த வருடம் அறுவடைக்கு நானா மறுபடி அழைத்தார். போய்ப் பார்த்தேன். மூட்டைகள் அத்தனையும் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், ரோட்டோரமாக அடுக்கியிருந்தன.

வணக்கம்.